ஒரு மேகம் கடப்பதற்குள் மூன்று லட்சம் துடிப்புகள்

கல்வராயன் மலையிலிருந்து நகர்ந்து வரும் மேகம் ஒன்று சங்கராபுரம் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தின் மேல் ஒரு நிமிடம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே சோலார் பம்பு ஓடுகிறது. தகடுகளில் விழும் வெயில் பாதியாகக் குறைய, கன்ட்ரோலர் மோட்டாரின் வேகத்தை இறக்குகிறது. வாய்க்காலில் விழும் தண்ணீர் மெலிகிறது. மேகம் விலகியதும் எல்லாம் பழையபடி. தோட்டக்காரருக்கு இது ஒரே ஒரு சம்பவம். கன்ட்ரோலர் பெட்டிக்குள் இருக்கும் ஐஜிபிடி சுவிட்சுகள் நொடிக்கு 5,000 சுற்று ஓடுபவை என்றால், அதே ஒரு நிமிடத்தில் 3 லட்சம் சுற்று முடித்திருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் மின்னழுத்தம் 600 வோல்ட்டுக்கு ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றம் ஒவ்வொன்றும் முடிய ஏறக்குறைய 100 நானோநொடிதான் ஆகும்.

நானோநொடியில் சுவிட்ச், மைக்ரோநொடியில் துடிப்பு, மில்லிநொடியில் மோட்டாரின் மின்னோட்டம், நொடிக்கணக்கில் மேகம், மணிக்கணக்கில் போர்வெல்லின் நீர்மட்டம். இத்தனை காலங்களும் ஒரே கம்பியில் கோத்துக் கிடக்கின்றன. இப்படிப்பட்ட மின்சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எப்படி என்ற கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளாகப் பதில் எழுதப்பட்டு வருகிறது. பதில்கள் பல. அவற்றைத் தரவரிசைப்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு முறையும் எதையோ ஒன்றைப் பார்க்காமல் விட்டுத்தான் வேகம் பெறுகிறது. எந்தக் கோளாறைப் பார்க்காமல் விடச் சம்மதிக்கிறோம் என்பதே முறையைத் தேர்ந்தெடுப்பதன் உண்மையான பொருள்.

தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் 1990இலிருந்து எல்லா உழவர்களுக்கும் இலவசம். அதனால் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று கணக்குப் பார்க்கும் பழக்கம் குறைவு. 2019இல் ஒன்றிய அரசின் பிஎம்-குசும் திட்டம் வந்து, மாநில மானியமும் சேர்ந்தபின், தோட்டத்து மோட்டாருக்கு முன்னால் ஒரு மின்னணுப் பெட்டி உட்கார்ந்துவிட்டது. பழைய ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்துக் கோளாறைச் சொல்லிவிடலாம். இந்தப் பெட்டியைத் திறந்தால் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் செய்து பார்ப்பதற்கு முன்பே கணக்கிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நேரடிக் கணக்கு எவ்வளவு பெரிது என்று முதலில் பார்த்துவிடலாம். ஒரு சுவிட்சிங் சுற்றுக்கு 200 காலப்படிகள் என்று சிக்கனமாக வைத்தாலும் ஒரு நொடிக்கு 10 லட்சம் படிகள். ஒரு படியைத் தீர்க்கக் கணினிக்கு 50 மைக்ரோநொடி போதும் என்று தாராளமாகவே விட்டுக்கொடுப்போம். மேகம் கடக்கும் ஒரு நிமிடத்துக்கு 6 கோடி படிகள், 50 நிமிட ஓட்டம். காத்திருக்கலாம். ஆனால் எட்டு மணி நேர வெயில் நாள் ஒன்றை முழுதாக ஓட்டிப் பார்க்க 2,880 கோடி படிகள். பதினாறு நாளுக்கு மேல் கணினி ஓடும். ஒரு மின்தேக்கியின் மதிப்பை மாற்றினால் இன்னொரு பதினாறு நாள்.

படிகளை நீளமாக்கிவிட்டால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். அங்கேதான் முதல் பொறி இருக்கிறது.

மின்சுற்றுக் கணிப்பின் தாய்வீடு பெர்க்லி பல்கலைக்கழகம். டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் லாரன்ஸ் நேகல் 1973இல் ஸ்பைஸ் மென்பொருளை வெளியிட்டார். 1975இல் வந்த அவருடைய ஆய்வேடுதான் ஸ்பைஸ் இரண்டாம் பதிப்பின் அடிப்படை. அதே 1975இல் ஹோ, ரூலி, பிரென்னன் மூவரும் சுற்றின் சமன்பாடுகளை ஒரே ஒழுங்கில் எழுதும் வழியைத் தந்தார்கள். இன்றைய ஸ்பைஸ் குடும்பத்து மென்பொருள்கள் அனைத்தும் அந்த வழியில்தான் நடக்கின்றன. ஒவ்வொரு காலப்படியிலும் நேர்கோட்டில் அடங்காத சமன்பாடுகளை நியூட்டன் முறையில் திரும்பத் திரும்பத் தீர்க்க வேண்டும். பெரும்பாலும் சுழிகளே நிறைந்த பெரிய அணி ஒன்றை ஒவ்வொரு முறையும் உடைக்க வேண்டும். இந்த உழைப்பைக் குறைக்க வந்த நிரல்களின் வரலாறு தனி. 2005இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ஏகநாதன் பாலாமடை நடராஜனின் முதுகலை ஆய்வேடாக எழுதப்பட்ட கேஎல்யூ நிரல் அதில் ஒன்று. மின்சுற்றுக்கு என்றே செய்யப்பட்டது, இன்றும் புழக்கத்தில் இருப்பது.

பொறி என்றேனே, அது காலப்படியின் நீளத்தில் இருக்கிறது. சுவிட்சுக்குக் குறுக்கே அதிர்ச்சி தாங்க 10 ஓம் மின்தடையும் 10 நானோஃபாரட் மின்தேக்கியும் வைப்பது வழக்கம். இந்த இணையின் கால மாறிலி 100 நானோநொடி. முன்னோக்கு ஆய்லர் போன்ற எளிய வெளிப்படை முறையில் படி 200 நானோநொடியைத் தாண்டினால் விடை வெடித்துவிடும். மேகத்தைப் பார்க்க விரும்புகிறவரையும் இந்தச் சின்ன மின்தேக்கி நானோநொடியிலேயே நடக்க வைக்கிறது. கணிதக்காரர்கள் இதற்கு விறைப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

விறைப்புக்கு மருந்து, அடுத்த படியின் விடையையும் சமன்பாட்டுக்குள்ளேயே வைத்துத் தீர்க்கும் உள்ளடங்கு முறைகள். அதிலும் பக்கவிளைவு உண்டு. ஸ்பைஸ் தானாகத் தேர்ந்துகொள்ளும் சரிவக முறையை எடுத்துக்கொண்டு, இதே மின்தேக்கியை 10 மைக்ரோநொடிப் படியில் ஓட்டுவோம். ஒவ்வொரு படியிலும் விடை 49இன் கீழ் 51 என்ற விகிதத்தில் சுருங்கி, குறி மாறுகிறது. கூட்டல், கழித்தல், கூட்டல், கழித்தல். பத்துப் படி கழித்தும் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் இருக்கும். உண்மைச் சுற்றில் அந்த அழுத்தம் ஒரு மைக்ரோநொடிக்குள் அடங்கியிருக்கும். திரையில் தெரியும் அந்த நடுக்கத்தைச் சுற்றின் குணம் என்று நினைத்து மின்தேக்கியை மாற்றிக்கொண்டிருந்தால், இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று பொருள்.

பின்னோக்கு ஆய்லர் முறை இதற்கு நேர் எதிர். அதே மின்தேக்கியின் அழுத்தத்தை ஒரே படியில் நூற்றில் ஒரு பங்காக்கி அடக்கிவிடும். ஆனால் அடக்கக்கூடாததையும் அடக்கும். இழப்பே இல்லாத ஓர் அலைவுச் சுற்றை, சுற்றுக்கு 20 படி வைத்து இம்முறையில் கணக்கிட்டால், ஒரே ஒரு அலை முடிவதற்குள் வீச்சு நூற்றுக்கு 39 ஆகிவிடுகிறது. ஆக, ஒரு முறை பொய்யாக ஆடுகிறது, இன்னொன்று பொய்யாக அமைதி காட்டுகிறது. இரண்டில் இரண்டாவதையே நான் ஆபத்து என்பேன். ஆட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும், அமைதியைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்?

சரிவக முறையோடு இரண்டாம் படிநிலைப் பின்னோக்கு முறை ஒன்றைக் கலந்து 1985இல் பாங்க் முதலிய ஆய்வாளர்கள் செய்த கூட்டு முறை இன்று பல மென்பொருள்களில் இருக்கிறது. மின்வாரிய உலகத்தில் ஹெர்மன் டோம்மெல் 1969இல் சரிவக முறையை வைத்துத் தொடங்கிய மரபிலும், சுவிட்ச் திறந்தவுடன் இரண்டு அரைப்படி மட்டும் பின்னோக்கு ஆய்லருக்கு மாறிக்கொள்ளும் வழக்கம் பின்னால் வந்தது. இதைவிட உயர்ந்த துல்லியத்தைப் பல்படி முறைகளில் ஏன் தேடவில்லை என்றால், யெர்முண்ட் டால்க்விஸ்ட் 1963லேயே வாசலை அடைத்துவிட்டார். எந்தக் காலப்படிக்கும் வெடிக்காத நேர்கோட்டுப் பல்படி முறையின் துல்லியம் இரண்டாம் படிநிலையைத் தாண்ட முடியாது என்பது அவர் நிறுவிய தேற்றம்.

விறைப்பைத் தாண்டினாலும் நம் பம்பின் சிக்கல் தீரவில்லை. விறைத்த சுற்றில் வேகமான பகுதி ஒருமுறை துள்ளி அடங்கிவிடும், பிறகு நீளப் படி வைக்கலாம். இங்கே சுவிட்ச் அடங்குவதே இல்லை. நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கிறது. வேகம் ஓயாதபோது மெதுவை எப்படிப் பிடிப்பது?

மிடில்புரூக்கும் ஸ்லோபோதன் சூக்கும் 1976இல் சொன்ன பதில் துணிச்சலானது: வேகத்தை அழித்துவிடு. சுவிட்ச் ஒரு சுற்றில் எத்தனை பங்கு நேரம் மூடியிருக்கிறதோ அந்தப் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, சுற்றின் சராசரியைச் சமன்பாடாக எழுது. 200 மைக்ரோநொடித் துடிப்புகள் மறைந்து, வழவழப்பான வளைவு கிடைக்கும். பதினாறு நாள் கணக்கு சில நிமிடங்களில் முடியும். சோலார் பம்பு வடிவமைப்பு இன்றும் பெரிதும் இந்தச் சராசரியை நம்பித்தான் நடக்கிறது, அதில் தவறும் இல்லை. மேகம் வரும்போது தகட்டின் உச்சத்திறன் புள்ளியைக் கன்ட்ரோலர் எவ்வளவு விரைவில் தேடிப் பிடிக்கிறது, பிடிக்காமல் மோட்டார் நின்றுவிடுகிறதா என்பவற்றுக்குச் சராசரியே போதும்.

சராசரியோடு சேர்த்து அலையின் முதல் சில ஹார்மோனிக்குகளையும் வைத்துக்கொள்ளலாம் என்று 1991இல் சாண்டர்ஸ், நொவோரோல்ஸ்கி, லியூ, வெர்கீஸ் நால்வரும் காட்டினார்கள். அவர்களில் ஜார்ஜ் வெர்கீஸ் சென்னை ஐஐடியில் படித்தவர். ஒத்ததிர்வை நம்பி ஓடும் மாற்றிகளுக்கு அது பெரிய உதவி, ஏனென்றால் அங்கே சராசரி என்பது வெறும் சுழி.

சராசரி பார்க்காமல் விடுவது எது? நம் வட்டாரத்திலேயே அதற்குப் பதில் மண்ணுக்குள் இருக்கிறது. கோமுகி, மணிமுக்தா ஆறுகள் எட்டாத மேட்டு நிலங்களுக்குப் போர்வெல்தான் கதி. 600 அடி ஆழத்தில் சப்மர்சிபிள் மோட்டார், மேலே கன்ட்ரோலர், நடுவில் 600 அடி கேபிள் என்று எடுத்துக்கொள்வோம். கேபிளில் மின்துடிப்பு நொடிக்குச் சுமார் 15 கோடி மீட்டர் வேகத்தில் ஓடும். 183 மீட்டரைக் கடக்க 1.2 மைக்ரோநொடி. துடிப்பின் ஏற்றமோ 100 நானோநொடியில் முடிந்துவிடுகிறது. ஆகவே கீழே போய்ச் சேரும் அலைக்கு மோட்டார் கிட்டத்தட்டத் திறந்த முனைபோலத் தெரியும். அலை எதிரொலித்துத் தன்மேலேயே ஏறிக்கொள்ளும். மேலே 600 வோல்ட்டில் கிளம்பியது கீழே 1,200 வோல்ட்டை நெருங்கும். அந்த அடி காயிலின் எல்லாச் சுற்றுகளிலும் சமமாகப் பரவாது, முதல் சில சுற்றுகளே பெரும்பங்கைத் தாங்கும். நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இது நடக்கிறது. சராசரிக் கணக்கில் இதன் தடயமே இருக்காது. அந்தக் கணக்கு மோட்டார் நலமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

மேகமும் வேண்டும், கேபிள் எதிரொலியும் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்காக வளர்ந்தவை மற்ற முறைகள். சுற்று நிலைத்து ஓடும்போது ஒரு சுழற்சியின் தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வைத்து, துள்ளல் காலத்தை அப்படியே தாண்டிவிடும் வழியை ஆப்ரிலும் டிரிக்கும் 1972இல் தந்தார்கள். அதன் நீட்சி உறை முறை. ஒரு சுழற்சியை முழுதாகக் கணக்கிட்டு, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள சிறு வித்தியாசத்தையே சரிவாக வைத்துக்கொண்டு ஐம்பது சுழற்சிகளைத் தாண்டிக் குதிப்பது. லிண்டா பெட்சோல்ட் 1981இல் இதைப் பொதுவாக எழுதினார். குண்டர்ட், வைட், சாஞ்சோவானி-வின்சென்டெல்லி மூவரும் 1988இல் சுவிட்சிங் சுற்றுகளுக்குக் கொண்டுவந்தார்கள். நம் பம்பில் 20 மில்லிநொடியை ஒரு சுழற்சி என்று கொண்டு, நொடிக்கு இரண்டு சுழற்சி மட்டும் கணக்கிட்டால், 3 லட்சம் துடிப்புகளுக்குப் பதில் 12,000 போதும். இருபத்தைந்து மடங்கு மிச்சம். ஆனால் மேகம் வரும்போது மோட்டாருக்குப் போகும் அதிர்வெண் 50இலிருந்து 35 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறதே, அப்போது சுழற்சியின் நீளமே மாறிவிடுகிறது. உறை முறை அங்கே தடுமாறும்.

மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் நிற்கும் செல்பேசிக் கோபுரத்தின் கதை வேறு. 1,800 மெகாஹெர்ட்ஸ் அலையில் 10 மில்லிநொடித் தரவுச் சட்டம் ஒன்றை அனுப்புவதற்குள் 1.8 கோடி அலைகள் கடந்துவிடும். அங்கே காலத்தையே விட்டுவிட்டு அதிர்வெண்ணில் கணக்கிடுவது சுலபம். 1976இல் நக்லாவும் விளாக்கும் எழுதிய ஹார்மோனிக் பேலன்ஸ் முறை, பெரிய அணிகளை உருவாக்காமலே தீர்க்கும் கிரிலாவ் உத்திகள் 1995இல் சேர்ந்தபின், ரேடியோ சிப் வடிவமைப்பின் அன்றாடக் கருவியாகிவிட்டது. மென்மையாக வளையும் அலைகளுக்கு அது பொருத்தம். கூர்மையான சதுரத் துடிப்புக்கு நூற்றுக்கணக்கான ஹார்மோனிக்குகள் வேண்டியிருக்கும், லாபமெல்லாம் கரைந்துவிடும்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இனி வருவது. 1996இல் ஜெர்மனியில் பிராக்டென்டார்ஃப் குழுவும், அடுத்த ஆண்டு கான்பூர் ஐஐடியில் படித்து பெர்க்லி வழியாக பெல் ஆய்வகத்துக்குப் போயிருந்த ஜெய்ஜீத் ராய்சௌத்ரியும் கேட்ட கேள்வி இது: வேகமும் மெதுவும் தனித்தனிக் காலங்களாக இருந்தால் என்ன? சமன்பாட்டில் காலத்தைக் குறிக்கும் ஒரே t என்பதை இரண்டாக்கி, மெதுவான மாற்றத்துக்கு ஒரு கால அச்சு, வேகமான மாற்றத்துக்கு இன்னொரு கால அச்சு என்று பிரித்தார்கள். சாதாரண வகைக்கெழுச் சமன்பாடு பகுதி வகைக்கெழுச் சமன்பாடாக மாறுகிறது. பார்வைக்குச் சிக்கல் கூடியதுபோலத்தான் இருக்கும். ஆனால் பல கிலோமீட்டர் செப்புக் கம்பியை ஒரு பாபினில் சுற்றினால் கையளவு உருளைக்குள் அடங்கிவிடுகிறது. கம்பி முழுவதையும் அளக்க வேண்டியதில்லை, உருளையின் மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் கம்பியின் எந்தப் புள்ளியையும் சொல்லிவிடலாம். இரண்டு காலங்களும் சமமாக இருக்கும் கோட்டின்வழி அந்தப் பரப்பைப் படித்தால் பழைய விடை கிடைக்கும்.

எண்ணிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். 50 ஹெர்ட்ஸ் அலைமேல் 5 கிலோஹெர்ட்ஸ் அலை ஏறியிருக்கிறது. வேக அலைக்கு 20 புள்ளி என்றால், நேர்கோட்டில் 2,000 புள்ளிகள். பரப்பில் இருபதுக்கு இருபது, 400. இது ஐந்து மடங்குதான். வேக அலை 5 மெகாஹெர்ட்ஸ் ஆனால் நேர்கோட்டில் 20 லட்சம் புள்ளிகள் வேண்டும். பரப்பில் அப்போதும் அதே 400. இடைவெளி கூடக்கூட மற்ற முறைகள் திணறும் இடத்தில் இது திணறவே இல்லை.

அதிர்வெண்ணே மாறும் சுற்றுகளுக்காகப் பின்னர் ஒனுத்தம் நாராயணும் ராய்சௌத்ரியும் வேகக் கால அச்சையே இழுத்தும் சுருக்கியும் பயன்படுத்தும் வழியைச் சேர்த்தார்கள். மேகத்தில் 50இலிருந்து 35 ஹெர்ட்ஸுக்கு இறங்கும் மோட்டாருக்கு வேண்டியது இதுவே.

அப்படியானால் சங்கராபுரத்துப் பம்புக்கு இதுவே முடிவான விடையா? ஆசைதான். நாணயத்தின் மறுபுறத்தைப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 400 புள்ளிக் கணக்கு இரண்டு மென்மையான அலைகளுக்கானது. கன்ட்ரோலர் தருவது சதுரத் துடிப்பு. துடிப்பின் அகலம் மெதுவான காலத்தோடு கூடிக் குறையும். பரப்பில் வரைந்தால் அது வளைந்து செல்லும் ஒரு செங்குத்துப் பாறை விளிம்பு. இருபதுக்கு இருபது கட்டத்தில் அந்த விளிம்பு பல்லிளித்து நிற்கும். கட்டத்தை நெருக்கினால் லாபம் போய்விடும். இதைச் சமாளிக்க அலைத்துணுக்குகளைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். துடிப்பின் விளிம்பு எங்கே வரும் என்பதை முன்கூட்டியே அறிந்த அடிப்படைச் சார்புகளை கிசெலிங்க் முதலியோர் அமைத்தார்கள். 2019இல் பெல்ஸ், கிசெலிங்க், சபரியேகோ, ஷாப்ஸ் நால்வரும் அதை மேலே சொன்ன, காலத்தைப் பிரிக்கும் பல்கால முறையோடு இணைத்து நேர்மின் மாற்றிகளுக்கு நன்றாக ஓடுவதைக் காட்டினார்கள். துடிப்பகலம் முன்பே தெரிந்தால் சிக்கலில்லை. உச்சத்திறனைத் தேடும் கன்ட்ரோலரிலோ அடுத்த துடிப்பின் அகலத்தைச் சுற்றே தீர்மானிக்கிறது. விளிம்பு எங்கே என்று தெரியாமல் விளிம்புக்கேற்ற கட்டம் போட வேண்டும். இந்த இடத்தில் துறை இன்னும் முட்டிக்கொண்டுதான் நிற்கிறது என்பது என் கணிப்பு.

சுற்றையே துண்டுகளாக்கி, வேகமான துண்டுக்குச் சிறுபடி, மெதுவான துண்டுக்குப் பெரும்படி என்று வைக்கும் முறைகளும் உண்டு. கியரும் வெல்ஸும் 1984இல் அதற்கு இலக்கணம் எழுதினார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அலைவடிவத் தளர்வு முறை வந்திருந்தது. பெரும்பாலும் தூங்கிக் கிடக்கும் டிஜிட்டல் சிப்புகளுக்கு இவை அருமை. நம் பம்பில் தகடு, மாற்றி, மோட்டார் மூன்றும் ஒன்றையொன்று விடாமல் இழுப்பதால் வெட்டும் இடத்தில் பிழை புகுந்துவிடும். காலத்தைக் கூறுபோட்டுப் பல கணினிகளில் ஒரே நேரத்தில் ஓட்டும் பாராரியல் முறையும் 2001இலிருந்து பேசப்படுகிறது. கூரான துடிப்புகளோடு அதை ஓட்டச் செய்த திருத்தங்கள் 2019இல் வெளிவந்தன. இங்கே கல்லூரி மேசையில் ஒற்றைக் கணினியோடு உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் இப்போதைக்குப் பயனில்லை.

அந்த மேசையில் என்ன கிடைக்கிறது? பம்பாய் ஐஐடியின் ஃபாஸீ திட்டம் தரும் ஈசிம், என்ஜிஸ்பைஸின் மேல் கட்டப்பட்டது. காசில்லை, பழகவும் எளிது. நேரடிக் காலப்படிக் கணக்குக்கு நம்பகமானது. மகேஷ் பாட்டீல் அதே நிறுவனத்தில் உருவாக்கிய சீக்வல், மின்திறன் மின்னணுவியலைச் சொல்லிக்கொடுக்கவும் பயன்படுவது. அதன்பின் அவர் கொண்டுவந்த ஜிஎஸ்இஐஎம், சுற்றின் தன்மைக்கேற்ப வெளிப்படை முறையையும் உள்ளடங்கு முறையையும் பயனரே தேர்ந்துகொள்ள விடுகிறது. விறைப்பு பற்றி மேலே சொன்னதெல்லாம் மாணவர் கையில் தட்டுப்படும் இடம் அது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் 2013இல் திறந்துவிட்ட சைஸ் மென்பொருளில் ஹார்மோனிக் பேலன்ஸும் உண்டு. இவற்றை வைத்துக்கொண்டே பம்புக் கணக்கை முடிக்கலாம். நானாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் பிடிக்கப் பார்க்க மாட்டேன். மேகத்தைச் சராசரியில் ஓட்டுவேன். அந்த ஓட்டத்தில் நான்கைந்து தருணங்களைப் பிடித்து, ஒவ்வொன்றிலும் சில துடிப்புகளை மட்டும், கேபிளையும் காயிலின் முதல் சுற்றுகளையும் சேர்த்து நானோநொடியில் ஓட்டுவேன். பெருமைப்பட ஏதுமில்லாத வழி, ஆனால் எதை விட்டோம் என்று தெரிந்தே விடுகிறோம்.

எந்தத் தருணங்கள், எந்தக் கணக்கு முதலில் என்பதற்குக் கணினியை நாடுவதற்கு முன் காயில் கட்டும் கடையில் ஒரு வார்த்தை கேட்கலாம். எரிந்து வந்த மோட்டாரைப் பிரித்ததும் அங்கே இருப்பவர் முதலில் பார்ப்பது கருகல் எங்கே இருக்கிறது என்பதை. மூன்று பேஸும் ஒரே சீராக வெந்திருந்தால் அது மணிக்கணக்கில் ஏறிய சூடு: தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமையாக ஓடியிருக்கும், அல்லது பாரம் கூடியிருக்கும். அதற்குச் சராசரிக் கணக்கே போதும். மற்றதெல்லாம் புதுசாக இருக்க, கேபிள் சேரும் முனையை ஒட்டிய முதல் சில சுற்றுகளில் மட்டும் ஓட்டை விழுந்திருந்தால், நானோநொடிப் படியை எடுத்துக்கொண்டு கேபிளிலிருந்து தொடங்க வேண்டும்.